ஆங்கரேஜ் நகரில் ஜூன் மாதப் பயணம்: கார் இல்லாமல் மலைகளைக் காண இயலுமா?

கேள்வி:
வணக்கம். ஜூன் இறுதியில் பெற்றோருடன் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகருக்குச் செல்லவிருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் செங்குத்தான ஏற்றம் இயலாது. ஆயினும் சூகாச் மலைகளையும் வனவிலங்குகளையும் காண மிகவும் ஆசைப்படுகிறார். கார் இல்லாமல் இது கைகூடுமா?

பதில் 1:
தாராளமாகக் கைகூடும். நகர மையத்திலேயே தொடங்கும் டோனி நோல்ஸ் கடலோரப் பாதை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுடையது. தார் போட்ட, பெரும்பாலும் சமதளமான பாதை என்பதால் அப்பா இயன்ற தூரம் நடந்து திரும்பலாம். வழியில் உள்ள பூங்கா, 1964-இல் 9.2 அளவில் நேர்ந்த நிலநடுக்கத்தில் சரிந்த நிலத்தில் அமைந்தது. அந்த மேடுபள்ளங்களின் மேல் இன்று மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. மூஸ் மான்கள் பாதைக்கே வரும். ஜூனில் அவை குட்டிகளுடன் இருக்குமாதலால், காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிர் சிலிர்த்து நின்றால் உடனே விலகிவிடுங்கள்.

பதில் 2:
சீவர்டு செல்லும் ரயிலை விட்டுவிடாதீர்கள். டர்னகெய்ன் கடற்கழியை ஒட்டிச் செல்லும் அந்தப் பாதையில் ஒருபுறம் மலையும் மறுபுறம் நீருமாக வரும். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓதம் வடிந்தபின் தெரியும் சேற்றுப் பரப்பில் எங்குமே இறங்கக் கூடாது. பனியாறுகள் அரைத்த நுண்மண் காலை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓதமும் விரைவாக ஏறும்.

பதில் 3:
அப்போது பகல் 19 மணி நேரத்துக்கும் மேல் நீளும். உறங்கக் கண்மறைப்புத் துணி அவசியம். கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானை விமானத்தில் அனுமதிப்பதில்லை, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.