ஐஸ் கம்பெனியில் கணக்கு சரியாக இருக்கிறது, ஆட்கள்தான் விலகிப் போகிறார்கள்

மண்டபத்துப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்களுக்கு ஒரு சின்ன ஐஸ் கம்பெனி, பதினாலு பேர் வேலை. அப்பா தவறி இரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். விசைப்படகு கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனி மூன்று நாளும் அப்பா விடியுமுன்னே வாசலில் நிற்பார், ஐஸ் உடைக்கிறவர்களோடு நின்றே டீ குடிப்பார், யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மெஷின் பாதி சும்மா கிடந்தாலும் பாதிச் சம்பளம் போடுவார். நான் வந்ததும் கைரேகை மெஷின் வைத்தேன், லேட்டாக வந்தால் பிடித்தம், தடைக்காலத்தில் சம்பளம் கிடையாது, கேட்டால் முன்பணம். போன தடைக்காலத்தில் கேரளா போன நாலு பேர் திரும்பவே இல்லை. அதைவிட, போன மாதம் ஒரு ராத்திரி ஐஸ் மெஷினைக் குளிர வைக்கிற அமோனியா கேஸ் வாடை அடித்திருக்கிறது, ஒருத்தரும் எனக்குப் போன் போடவில்லை. அப்பா காலமாக இருந்தால் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். அவரைப் போல எனக்குப் பேச வராது. என்ன செய்ய?

பாம்பன்காரன்:
தம்பி, போன் வராததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து நிமிஷம் லேட்டானதுக்கே காசு பிடிக்கிற இடத்தில், வால்வு கசியுது என்று சொன்னால் அது யார் தலையில் விழும் என்றுதானே யோசிப்பான். நான் இருபது வருஷம் ஐஸ் கம்பெனியில் கிடந்தவன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் வால்வைத் தப்பாகத் திருப்பிவிட்டேன், கேஸ் முகத்தில் அடித்துவிட்டது. முதலாளி ஓடி வந்து முதலில் கேட்டது “கண்ணுல பட்டுச்சா?”. அவர் கையாலேயே தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார், அப்புறம் படகுக்காரர்களிடம் “இன்னைக்கு ஐஸ் இல்லை, தப்பு என் மேல” என்று சொல்லிவிட்டார். பிற்பாடு எனக்குக் கீழே வந்த பையன்கள் தப்பு செய்தபோது நானும் முதலில் அதே கேள்வியைத்தான் கேட்டேன், யாரும் சொல்லித்தரவில்லை.

ராமேஸ்வரம் டீச்சர்:
அண்ணன் சொன்னது எங்கள் ஊர்க்காரர் கலாம் ஐயா மேடைக்கு மேடை சொன்ன கதைதான். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது, அவர்தான் திட்ட இயக்குநர். பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பொறுப்பேற்றது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் சரியாகப் போனபோது, பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பினார். தவான் இனிக்க இனிக்கப் பேசியதாகக் கலாம் சொல்லவில்லை, அவர் அன்று எங்கே உட்கார்ந்தார் என்பதைத்தான் கடைசிவரை சொன்னார். அதனால் பேச வராது என்று கவலைப்படாதீர்கள் தம்பி.

கீழக்கரை லாத்தா:
நான் கணக்கு எழுதுகிறவள், அதனால் கணக்கிலிருந்து சொல்கிறேன். உன் வாப்பா போனபிறகு அவர் குணத்தை மனசில் மட்டும் வைத்திருந்தால் ஒரு நஷ்ட வருஷத்தில் அது காணாமல் போய்விடும். மற்ற பத்து மாதமும் விற்கிற ஒவ்வொரு ஐஸ் பாருக்கும் ஒரு சின்னத் தொகையைத் தனியே ஒதுக்கு, அது தடைக்காலச் சம்பளம், வேறு எதற்கும் தொடாதே. மீனவர் பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அரசாங்க நிவாரணமும் வராது, உன்னைத்தான் நம்பி இருப்பான். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று எங்கள் ஊரை வைத்துத்தானே சொல்கிறார்கள். அடக்கமான பிறகும் புலவருக்கு மோதிரம் கிடைத்தது என்பது கதை. அவருக்குப் பின்னாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத ஒரு வீடு இருந்திருக்கும் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்வேன். கைரேகை மெஷின் இருக்கட்டும், பிடித்தத்தை எடு. போன நாலு பேருக்கும் நீயே போன் போடு, மேனேஜரை விட்டுப் பேசச் சொல்லாதே.

மண்டபத்துப் பையன்:
நன்றி லாத்தா, டீச்சர், அண்ணே. பிடித்தத்தை நிறுத்திவிட்டேன். நாலு பேரில் இரண்டு பேர் போனை எடுத்தார்கள், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்று புதன், நாலு மணிக்கே போய் டீ வாங்கிக்கொண்டு நின்றேன், என்ன பேசுவதென்று தெரியவில்லை, சும்மாதான் நின்றேன். கம்ப்ரஸர் பார்க்கிற அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, அந்த மூணாவது வால்வுல பேக்கிங் போயிருக்கு, போன மாசமே சொல்லணும்னு நினைச்சேன்” என்றார். மதியம் ஆள் வந்து மாற்றுகிறார்.