ஐசிடி ஒண்ணுதான், ஒருத்தர் ஆடறார், ஒருத்தர் விட்டுட்டார்: ஏன்?

ரைட்விங்_7 கேட்டது:

போல்டன் கால்பந்து வீரர் முவாம்பா 2012 மார்ச் 17 அன்னிக்கு லண்டன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்துல இதயம் நின்னு விழுந்தப்போ வயசு 23. ஐசிடி (உடம்புல பதிக்கிற, இதயத் தாளம் கெட்டா ஷாக் கொடுக்கிற கருவி) வச்சாங்க, ஆனாலும் அந்த ஆகஸ்ட்லயே ஓய்வு அறிவிச்சுட்டார். டென்மார்க் வீரர் எரிக்சன் 2021 ஜூன்ல அதே மாதிரி விழுந்தார், அவருக்கும் ஐசிடி, அடுத்த பிப்ரவரியிலேயே இங்கிலாந்து கிளப் பிரெண்ட்ஃபோர்டுக்கு இறங்கிட்டார். கருவி ஒண்ணுதானே? இன்னொண்ணு, அகாடமில 16 வயசுலயே ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் எடுக்கறாங்க. அப்புறம் 20 வயசுல எப்படி இதய நோய் புதுசா முளைக்குது?

மின்னலை சொன்னது:

கருவியை விடுங்க, அடியில இருக்கிற இதயத்தைப் பாருங்க. ஐசிடி எதையும் தடுக்காது. தாளம் கெட்டா ஷாக் கொடுத்துத் திருப்பும், அவ்வளவுதான். முவாம்பாவுக்கு இதயம் தானாத் துடிக்க 78 நிமிஷம் ஆச்சு. எரிக்சனுக்கு மைதானத்துலயே ஒரே ஷாக்ல திரும்பிடுச்சு.

நோயைப் பொறுத்துதான் முடிவு. வைரஸால வர்ற இதயத் தசை அழற்சின்னா 3 முதல் 6 மாசம் முழு ஓய்வு. அப்புறம் ஈசிஜி, எக்கோ, 24 மணி நேரம் துடிப்பைப் பதியற ஹோல்டர், டிரெட்மில், எம்ஆர்ஐ எல்லாம் சுத்தமா இருந்தா திரும்பலாம். வலது வென்ட்ரிக்கிள் (கீழறை) தசை கொழுப்பாவும் நாராவும் மாறுற ஏஆர்விசி வேற கதை. அங்க ஓட்டமே நோயை வளர்க்கும். ஐசிடி இருந்தாலும் தசை அழியறது நிக்காது, அதனால ஆட்டத்தை விட்டே ஆகணும்.

கருவியிலயும் தொல்லை உண்டு. ஸ்பிரிண்ட்ல துடிப்பு 190ஐ தாண்டினா கருவி அதையே ஆபத்துன்னு நினைச்சு வீணா ஷாக் அடிச்சுடும். அதனால ஷாக் தொடங்குற அளவை அந்த வீரரோட உச்சத் துடிப்புக்கு மேல வைப்பாங்க. எதிராளி முழங்கை நெஞ்சுல பட்டா கருவியோட வயர் உடையலாம்.

சுவர்மில்லிமீட்டர் சொன்னது:

இளம் வீரர்களிடம் அதிகம் குழப்புவது ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமையோபதி, அதாவது இதயச் சுவர் தடிப்பு. இடது வென்ட்ரிக்கிள் சுவர் 12 மி.மீ. வரை இயல்பு, 15 அல்லது அதற்கு மேல் என்றால் நோய். 13, 14 தான் தலைவலி, ஏனென்றால் கடும் பயிற்சியும் சுவரைத் தடிக்க வைக்கும். பயிற்சியால் தடித்த இதயத்தில் உள்ளறையும் சேர்ந்தே பெரிதாகும். நோயில் பெரும்பாலும் அறை சிறுத்தே இருக்கும். ஈசிஜியில் இதயத்தின் பக்கவாட்டைக் காட்டும் லீடுகளில் (பதிவுகளில்) டி என்ற அலை தலைகீழாக இருந்தால் நோய்ச் சந்தேகம் வலுக்கும். அப்போதும் தெளியாவிட்டால் மூன்று மாதம் பயிற்சியை நிறுத்தி மறுபடி அளப்பார்கள். சுவர் மெலிந்தால் அது பயிற்சியின் வேலை. ஆனால் ஒப்பந்தம் முடியப்போகும் 19 வயதுப் பையனிடம் மூன்று மாதம் சும்மா இரு என்பது லேசுப்பட்ட விஷயமா?

16 வயதுப் பரிசோதனை பற்றி: இங்கிலாந்தில் 1996 முதல் 2016 வரை பரிசோதித்த 11,168 இளம் வீரர்களில் 42 பேருக்கு ஆபத்தான இதய நோய் தெரிந்தது. பின்னாளில் இதய நோயால் திடீரென இறந்த 8 பேரில் 6 பேரின் பரிசோதனை இயல்பாகவே இருந்தது. பரிசோதனைக்கும் இறப்புக்கும் சராசரி இடைவெளி 6.8 ஆண்டு. தசை நோய் பலருக்கு வளர்ச்சி முடிந்த பிறகுதான் தலைகாட்டும். ஒரு முறை தேறியதை ஆயுள் சான்றிதழாக நினைப்பதுதான் தவறு.

கோல்கிக் சொன்னது:

சட்டத்தையும் சேர்த்துக்கோங்க. இத்தாலியில மருத்துவச் சான்று இல்லாம யாரும் போட்டியில ஆட முடியாது, ஐசிடி இருந்தா அந்தச் சான்று கிடைக்காது. அதனாலதான் எரிக்சன் அப்போ இருந்த இத்தாலி கிளப் இண்டர் மிலான், அவர் ஒப்பந்தத்தை 2021 டிசம்பர்ல முடிச்சாங்க. இங்கிலாந்துல அப்படி ஒட்டுமொத்தத் தடை கிடையாது. வீரர், கிளப், இதய மருத்துவர் மூணு பேரும் பேசி முடிவு பண்றாங்க. என்னைக் கேட்டா இத்தாலி வழி கடுமை. ஆனா 20 வயசுப் பையன்கிட்ட "ரிஸ்க்கை நீயே முடிவு பண்ணு"ன்னு விடறதும் சரியாப் படல.

ரைட்விங்_7:

நன்றி. சுவர் தடிப்பு உறுதியான வீரருக்குத் தம்பியும் அகாடமில இருந்தா?

சுவர்மில்லிமீட்டர்:

பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லோருக்கும் ஈசிஜி, எக்கோ. வீரரிடம் மரபணு மாற்றம் உறுதியாகத் தெரிந்தால் (பெரும்பாலும் எம்ஒய்பிபிசி3 அல்லது எம்ஒய்எச்7 என்ற மரபணுவில்) தம்பிக்கு அதை மட்டும் தேடினால் போதும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த மாற்றமென்றால் தம்பிக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. தம்பிக்கு அந்த மாற்றம் இல்லையென்றால் தொடர் கண்காணிப்பு வேண்டாம். மாற்றம் இருந்து எக்கோ இயல்பாக இருந்தால், இந்த வயதில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். ஓடும்போது மயங்கி விழுந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.