மறு: வெளியேற்ற எல்லையா, கடைமுனையா?

வணக்கம். ஆறு, வாய்க்கால் ஓட்டத்தைக் கணினி மாதிரியில் கணக்கிடும்போது, மாதிரி முடியும் கீழ்ப்பக்க எல்லையில் நாம் கொடுக்கும் நிபந்தனைக்கு (downstream boundary condition) தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு.

> 'வெளியேற்ற எல்லை நிபந்தனை' என்றே வைத்துக்கொள்வோமே. தண்ணீர் வெளியே போகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் 'அணையிலிருந்து நீர் வெளியேற்றம் 10,000 கன அடி' என்று தினமும் செய்தியில் கேட்கிறோம். அந்தச் சொல் ஏற்கெனவே நீரின் அளவைக் குறிக்கப் போய்விட்டது. இன்னொன்று, அந்த எல்லையில் தண்ணீர் எப்போதும் வெளியேதான் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காவிரி டெல்டாவின் கடலோரத்தில் கடல் ஓதம் ஏறும்போது வாய்க்காலில் ஓட்டம் திரும்பிவிடும். அதைத் தடுக்கத்தானே கடைமடையில், அதாவது பாசனத்தின் கடைசிப் பகுதியில், இயக்கு அணைகள் (கதவு வைத்த தடுப்புகள்) கட்டுகிறார்கள்?

பெயரைவிடப் பெரிய சிக்கல், அது தரும் நினைப்பு. 'வெளியேறும் இடம்' என்றால், போகிற தண்ணீரைப் போகவிட்டால் போதும் என்று மாணவர் நினைத்துவிடுகிறார். ஒரு சிமென்ட் வாய்க்காலை எடுத்துக்கொள்வோம்: சரிவு 5000க்கு 1, ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 2 கன மீட்டர், ஆழம் 1.5 மீட்டர். வேகம் நொடிக்கு 1.33 மீட்டர். மேற்பரப்பில் எழும் சிற்றலையோ 3.84 மீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஓட்ட வேகத்தை அலை வேகத்தால் வகுத்தால் வரும் ஃபுரூட் எண் 0.35 தான். ஆக, கடைசியில் நாம் தவறாகக் கொடுத்த நீர்மட்டம் நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி ஏறி வரும். கிலோமீட்டர் கணக்கில் விடையைக் கெடுக்கும். இங்கே ஆட்சி செய்வது கடைசி முனைதான். அதே நீர் செங்குத்தான சரிவில் 0.4 மீட்டர் ஆழத்தில் ஓடினால் வேகம் 5 மீட்டர், அலைக்கு 2 மீட்டர்கூட இல்லை. எதுவும் மேலே ஏறாது. அங்கே கடைசி முனையில் நிபந்தனையே கொடுக்கக் கூடாது, நீர்மட்டம், பாய்வு இரண்டையும் வாய்க்காலின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

எனவே செயலை விட்டு இடத்தைச் சொல்லும் பெயர் வேண்டும்.

> கீழ்முனை?

முப்பரிமாண மாதிரியில் 'கீழ்' என்றால் படுகை என்று படித்துவிடுவார்கள். 'கடைவாய்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனக்குப் பல்வலிதான் நினைவுக்கு வந்தது. 'கடைமடை' அருமையான சொல், ஆனால் அது உழவருடையது. தண்ணீர் வந்து சேராத ஏக்கமும் அதில் இருக்கிறது. நம் எல்லையோ கணினியில் நாம் வெட்டிய வெட்டு. ஆறு அதற்கப்பாலும் ஓடுகிறது.

தலைமடை, கடைமடை இரண்டிலும் உள்ள தலை–கடை இணையை மட்டும் எடுத்துக்கொண்டால்: தலைமுனை நிபந்தனை, கடைமுனை நிபந்தனை. உயரத்தைச் சொல்லாமல் ஓட்டத்தின் திசையை மட்டும் சொல்கிறது. வகைகளும் எளிதில் ஒட்டுகின்றன: நிலைமட்டக் கடைமுனை (நீர்மட்டத்தை நாமே கொடுப்பது), சீராழக் கடைமுனை (normal depth), மாறுநிலைக் கடைமுனை (critical depth).

நான்காவது வகையில்தான் திணறுகிறேன். எந்த நீர்மட்டத்தில் எவ்வளவு பாய்வு என்று காட்டும் ரேட்டிங் கர்வ் (rating curve) கொடுக்கும் கடைமுனைக்கு 'மட்ட–பாய்வு வரைகோடு' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு மடங்கவில்லை. யாரிடமாவது சின்னதாக ஒன்று இருக்கிறதா?