டைமரில் ஒரு நிமிஷம் பாக்கி, மோட்டார் நின்றுவிட்டது: லிப்போவில் மிச்சம் எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது?

ஏரிக்கரை:
ஞாயிறு காலை நடந்தது. ரேடியோவில் ஓட்டும் 1.2 மீட்டர் ஃபோம் ட்ரெய்னர் விமானம், 3எஸ் (மூன்று செல் தொடரில்) 2200 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, கொள்ளளவு) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, ரேடியோவில் 8 நிமிஷ டைமர். பேட்டரி வாங்கினப்போ வைத்த டைமர், இரண்டு வருஷமாக மாற்றவில்லை. 7வது நிமிஷத்தில் இறக்க வந்தேன். உயரம் கூடிப்போச்சு, இன்னொரு சுற்று போய் வரலாம் என்று முழு த்ராட்டில் கொடுத்தேன். மோட்டார் ரெண்டு தடவை விட்டு விட்டு இழுத்தது, அப்புறம் நின்றுவிட்டது. விமானத்தைத் திருப்பும் மடல்களை அசைக்கிற சர்வோக்கள் வேலை செய்ததால் கிளைடு பண்ணித் திருப்பப் பார்த்தேன். ஏரியின் கரையைத் தாண்டி சீமைக்கருவேலத்துக்குள் இறங்கிவிட்டது. இடது இறக்கை பாதியில் கிழிந்திருக்கிறது.

புரியாதது இதுதான். இருபது நிமிஷம் கழித்து செல் செக்கரில் பார்த்தால் 3.72, 3.71, 3.58. டைமர் கணக்கில் ஒரு நிமிஷம் பாக்கி, வோல்டேஜ் பார்த்தாலும் சுத்தமாகக் காலி இல்லை. இரண்டில் எதை நம்புவது?

மல்டிமீட்டர்:
டைமரை நம்பாதீங்க நண்பரே. பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று கடிகாரத்துக்கு எப்படித் தெரியும்? பங்குனியில் காற்றே இல்லாத காலையில் அரை த்ராட்டிலில் சுற்றுவதும், ஆடிக் காற்றில் எதிர்த்து முக்கால் த்ராட்டிலில் நிற்பதும் ஒரே 8 நிமிஷமா? பேலன்ஸ் ஒயரில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் தனியாக வரும் மெல்லிய ஒயர்) மாட்டும் சின்ன அலாரம் ஒன்று வாங்கி, செல்லுக்கு 3.5 வோல்ட்டில் வையுங்க. ரேடியோவில் டெலிமெட்ரி (விமானத்திலிருந்து அளவுகள் திரும்பி வரும் வசதி) இருந்தால் இன்னும் நல்லது, கையிலேயே குரல் வரும். எந்த ஒரு செல் இறங்கினாலும் அந்தக் கணமே தெரியும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குப் போவது பிரதான ஒயர் ரெண்டும்தான், அதுக்குக் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். செல் செல்லாகப் பார்க்க பேலன்ஸ் ஒயரை விட்டால் வழி இல்லை.

பால்சா:
மல்டிமீட்டர் சொல்வதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பி விமானம் இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பறக்கும்போது தெரிகிற வோல்டேஜ், மிச்சம் இருக்கும் சார்ஜை மட்டும் காட்டுவதில்லை. அந்த நொடியில் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. நல்ல 2200 பேக்கில் ஒரு செல்லின் உள் மின்தடை 10 மில்லிஓம் என்று வையுங்கள். ஓய்வில் 3.75 காட்டும் செல், 8 ஆம்பியரில் மெதுவாகச் சுற்றும்போது 3.67 காட்டும். முழு த்ராட்டிலில் 30 ஆம்பியர் இழுத்தால் 3.45. சார்ஜ் ஒரு சொட்டுகூட மாறவில்லை, ஆனால் 3.5இல் வைத்த அலாரம் ஒன்றில் கத்தும், மற்றதில் வாயே திறக்காது. லூப் போடும்போது கத்தும், த்ராட்டிலைக் குறைத்தால் அடங்கும். பத்து தடவை இப்படி நடந்தால் பதினோராவது தடவை உங்கள் காது அதை எடுத்துக்கொள்ளாது. அதுதான் ஆபத்து.

இன்னொன்று. லிப்போவின் ஓய்வு வோல்டேஜ் 4.2இல் தொடங்கி 3.75 வரை சாய்வுப் பாதை மாதிரி மெதுவாக இறங்கும். 3.7க்குக் கீழே போனால் கிணறு. மெதுவாகவே சுற்றுகிறவர், அலாரம் கத்தும்போது கிணற்றின் விளிம்பில் நிற்பார். ஒரு சுற்று தவறினால் இறக்க மிச்சம் இருக்காது.

நான் கிளோ எஞ்சின் (எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சின்) காலத்தில் ஆரம்பித்தவன். ரிசீவருக்கு நாலு செல் நிக்கல் காட்மியம் பேக், 4.8 வோல்ட். சும்மா மீட்டர் வைத்தால் சாகப்போகிற பேக்கும் 5 வோல்ட் காட்டும். அதனால் ஒரு ரெசிஸ்டரை லோடாகக் கொடுத்துத்தான் அளப்போம். லோடு எவ்வளவு என்று தெரியாமல் வோல்டேஜைப் படிக்கக் கூடாது என்று அன்றைக்குக் கற்றது, இன்றைக்கும் மாறவில்லை.

தம்பி ஏரிக்கரை, நம்ப வேண்டியது சார்ஜர். இறங்கின பேக்கை 4.2 வரை முழுசாக ஏற்றும்போது எத்தனை எம்ஏஎச் உள்ளே போகிறது என்று எழுதி வையுங்கள். லிப்போவில் எடுத்ததும் திருப்பிப் போட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைப் பறந்த நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு எவ்வளவு தின்கிறது என்று கிடைக்கும். பேக்கின் கொள்ளளவில் 80 சதவீதம் எட்டும்போது தரையில் இருக்கிற மாதிரி டைமர் வையுங்கள். டைமர் தப்பு இல்லை, அளக்காமல் வைத்த டைமர்தான் தப்பு.

மல்டிமீட்டர்:
பால்சா சார், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை, ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியாது. அவர் போட்ட எண்களைப் பாருங்க. 3.72, 3.71, மூணாவது 3.58. ரெண்டு செல் நல்லா இருக்கு, ஒண்ணு சாகுது. மூணும் தொடரில் இருப்பதால் மூணிலிருந்தும் ஒரே அளவுதான் போகும், திருப்பிப் போடும் கணக்கில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. "2200இல் 80 சதவீதம்" என்று லேபிளைப் பார்த்துக் கணக்குப் போட்டால், இரண்டு வருஷப் பேக்கில் அந்த 2200 இருக்கிறது என்று யார் சொன்னது? உங்கள் சார்ஜர் சொல்வது நேற்றைய செய்தி. என் அலாரம், விமானம் வானத்தில் இருக்கும்போதே சொல்கிறது. இவர் அலாரம் மாட்டியிருந்தால் 3வது செல் போன வாரமே கத்தியிருக்கும்.

வால்காற்று:
ரெண்டும் வேண்டாம், கரன்ட் சென்சார் போடுங்க. நான் டெலிமெட்ரியில் எம்ஏஎச் எண்ணுகிறேன். 1600 ஆனதும் ரேடியோ பேசும், காற்று அடித்தாலும் த்ராட்டில் எப்படி இருந்தாலும் கணக்கு மாறாது. குன்னூர்ப் பக்கம் டிசம்பர் காலையில் பறக்கிறேன், குளிரில் உள் மின்தடை ஏறி வோல்டேஜ் அலாரம் இரண்டாவது நிமிஷத்திலேயே அலறும். பேக்கைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கித்தான் மாட்டுவேன்.

பால்சா:
நல்ல முறைதான், நானும் பெரிய விமானத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த எண்ணிக்கை, பேக்கை மாட்டும்போது அது முழு சார்ஜில் இருக்கிறது என்று நம்பித்தான் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. பாதி ஓடின பேக்கைக் கழற்றி மறுபடி மாட்டினால் அதுவும் ஏமாற்றும். அளவீடு சரியா என்று பார்க்கவும் கடைசியில் சார்ஜரிடம்தான் வரணும்.

மல்டிமீட்டர், லேபிளை நம்பக் கூடாது என்று நீங்கள் சொன்னது சரி. நான் "பேக்கின் கொள்ளளவு" என்று எழுதினேன், அளக்கச் சொல்லாமல் விட்டது என் குறை. ஏரிக்கரை, சார்ஜரில் டிஸ்சார்ஜ் வசதி இருந்தால் முழுசாக ஏற்றி, கூடவே இருந்து இறக்கிப் பாருங்கள். உள் மின்தடையும் காட்டினால் எழுதுங்கள். ஈஎஸ்சி எந்த வோல்ட்டில் மோட்டாரை வெட்டும்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
மூன்று நாள் எடுத்தது. அந்தப் பேக்குக்குள் போனது 1870 எம்ஏஎச். பறந்தது 7 நிமிஷம், ஆக நிமிஷத்துக்கு 267. அப்புறம் முழுசாக ஏற்றி இறக்கினேன். ஒரு செல் 3.3க்கு வந்ததும் சார்ஜர் நிறுத்திவிட்டது. கிடைத்தது 1940தான். உள் மின்தடை 9, 10, 24 மில்லிஓம். ஈஎஸ்சி செல்லுக்கு 3.3, மொத்தம் 9.9 வோல்ட்டில் வெட்டும்.

8 நிமிஷம் பறந்திருந்தால் 2136 தேவை. பேக்கில் இருந்ததே 1940. இரண்டு வருஷமாக இல்லாத சார்ஜை நம்பி டைமர் ஓட்டியிருக்கிறேன். இதுவரை தப்பித்தது, பெரும்பாலும் 6 நிமிஷத்திலேயே இறக்கிவிடும் பழக்கத்தால்தான்.

மல்டிமீட்டர்:
24 மில்லிஓமைப் பாருங்க! முழு த்ராட்டில் கொடுத்த அந்த நொடியில் 30 ஆம்பியர் என்று வைத்தால், 3வது செல் மட்டும் 0.72 வோல்ட் விழும். 3.6இலிருந்து 2.88. மற்ற ரெண்டும் 3.42 பக்கம் நிற்கும். கூட்டினால் 9.72, ஈஎஸ்சி வெட்டிவிட்டது. த்ராட்டில் குறைந்து லோடு போனதும் வோல்டேஜ் மேலே வந்துவிட்டது, அதனால்தான் உங்கள் செக்கரில் பெரிய குறை தெரியவில்லை. வெட்டியதால்தான் பிஇசி (பிரதான பேட்டரியிலிருந்து ரிசீவருக்கு மின்சாரம் தரும் பகுதி) வழியாக ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் மிஞ்சியது, கிளைடு பண்ண முடிந்தது. வெட்டும் வசதியை அணைத்துவிட்டுப் பறப்பவர்கள் இதைக் கவனிக்கணும். நான் முதலிலிருந்து சொல்வது இதுதான், செல் செல்லாகப் பார்க்கணும்.

பால்சா:
கணக்கு சரி. ஆனால் அந்த நொடியில் அலாரம் கத்தியிருந்தால் அவர் என்ன செய்திருக்க முடியும்? உயரம் இல்லை, ஓடுபாதையைத் தாண்டியாச்சு, மோட்டாரும் நின்றாச்சு. இறக்க வரும்போது ஒரு முழு த்ராட்டில் சுற்றுக்கு மிச்சம் இருக்க வேண்டும், அதை முன்கூட்டியே கணக்குதான் தரும். 1940இல் 80 சதவீதம் 1552. 267ஆல் வகுத்தால் 5 நிமிஷம் 48 நொடி. நான் 5 நிமிஷத்தில் வைப்பேன்.

மல்டிமீட்டர்:
நான் அந்தப் பேக்கை மறுபடி விமானத்தில் வைக்கவே மாட்டேன். 5 நிமிஷம் என்றாலும் 24 மில்லிஓம் செல் அடுத்த மாதம் 30 ஆகும். அது தானாக ஆறாது. உப்பவில்லை என்பதற்காக விட்டுவிடாதீங்க, சார்ஜ் ஏற்றும்போது பக்கத்திலேயே இருங்க. அலாரம் போன வாரமே கத்தியிருக்கும் என்பதிலிருந்தும் நான் பின்வாங்கவில்லை.

பால்சா:
அந்தப் பேக்குக்கு ஓய்வு கொடுப்பதில் எனக்கும் மறுப்பு இல்லை.

ஏரிக்கரை:
அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு பேக் இருக்கிறது, நேற்று ரெண்டையும் அளந்தேன். ஒன்று 2130, செல்கள் 9, 9, 10. இன்னொன்று 2080, செல்கள் 10, 11, 10. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, தேதியும் எண்களும் எழுதியிருக்கிறேன். இறக்கை ஒட்டினது காய்ந்ததும் வரும் ஞாயிறு பறக்கிறேன். டைமர் 5 நிமிஷம் 30 நொடி, அலாரம் செல்லுக்கு 3.4, இரண்டும் இருக்கும்.

பால்சா:
நல்லது தம்பி. அலாரம் கத்தினால் எத்தனையாவது நிமிஷம், த்ராட்டில் எங்கே இருந்தது, எந்தப் பேக் என்று அங்கேயே டேப்பில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் மறந்துவிடும்.