மறு: 'டூயல் பூட்' – இரட்டைத் தொடக்கம் ஒன்றே போதுமா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. விண்டோஸ் இருக்கும் கணினியிலேயே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவுவதற்கான நம் கையேட்டில் எந்தத் தமிழ்ச் சொற்களைப் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> இரட்டைத் தொடக்கம்னு ஒரு சொல் ஏற்கெனவே புழங்குது. இன்னொண்ணு எதுக்கு?

ஈரோட்டு அண்ணன் கேட்டது நியாயம்தான். அந்தச் சொல்லில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது கணினியை ஆன் செய்ததும் "எந்த இயங்குதளம் வேண்டும்" என்று கேட்டு நிற்கிற நிலையைத்தான் சொல்கிறது. இரண்டு வட்டு (ஹார்ட் டிஸ்க்) மாட்டி, ஆளுக்கொன்றாகப் போட்டாலும் அது இரட்டைத் தொடக்கம்தான். அங்கே யாருடைய பிரிவையும் (வட்டைப் பங்கு பிரித்த பார்ட்டிஷன்) தொடவே வேண்டாம். நமக்குச் சொல் இல்லாதது அதற்கு முந்தைய வேலைக்கு. ஒரே வட்டில் விண்டோஸும் அதன் கோப்புகளும் இருந்தபடி இருக்க, மிச்ச இடத்தில் இன்னொன்றை ஏற்றுகிற வேலை.

உபுண்டு நிறுவியில் இதற்கான தேர்வும், வட்டையே அழித்துவிட்டு நிறுவும் தேர்வும் ஒரே திரையில் மேலும் கீழுமாக வரும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, கணக்கு முழுக்க டேலியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பையனிடம் "இரட்டைத் தொடக்கம் போடு தம்பி" என்றால் எதை அமுக்குவான்? அழிக்கும் தேர்வை அமுக்கினால் எந்தப் பிரிவு எங்கே என்று குறித்திருக்கும் பிரிவு அட்டவணையே புதிதாக எழுதப்பட்டுவிடும். கையேட்டில் தனிச்சொல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

> ஒண்டுக்குடித்தனம் மாதிரி 'ஒண்டு நிறுவல்' வெச்சுக்கலாமே?

பொள்ளாச்சி அக்கா சொன்னதும் சிரிப்பு வந்தது; சொல் ஒட்டவும் செய்கிறது. ஆனால் ஒட்டுவது வேறொன்றுக்கு. 2008இல் உபுண்டு 8.04 பதிப்புடன் வூபி என்று ஒரு நிறுவி வந்ததே, அது விண்டோஸின் பிரிவுக்குள்ளேயே ஒரு பெரிய கோப்பாக உபுண்டுவை உட்கார வைத்தது. பிரிவு எதையும் வெட்டவில்லை, விண்டோஸ் போனால் அதுவும் போயிற்று. அதுதான் அசல் ஒண்டல். 13.04 பதிப்பிலேயே வூபியை எடுத்துவிட்டார்கள். நாம் பேசுவது அப்படியல்ல. இரண்டாவதுக்குத் தனிப் பிரிவு, தனிக் கோப்பு முறைமை. விண்டோஸை அப்புறம் தூக்கினாலும் இரண்டாவதன் பிரிவு அப்படியே நிற்கும்.

இழையில் வந்த 'உடன்நிறுவல்' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. அவசரத்தில் படித்தால் 'உடனே நிறுவல்' ஆகிவிடுகிறது. 'இணைநிறுவல்' என்றால் எதையோ எதனோடோ கோர்க்கச் சொல்வதாகப் படுகிறது.

என் ஓட்டு 'அண்டை நிறுவல்' என்பதற்கு. அண்டை வீடு, அண்டை மாநிலம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கோபிப் பக்கம் வாய்க்கால் பாசன வயல்காரர்களுக்கு அண்டை வெட்டுவதும் அண்டை கட்டுவதும் தெரியும்: வரப்போரத்தைச் செதுக்கிச் சேறு பூசி எல்லையை உறுதி செய்கிற வேலை. பக்கத்தில் இருக்கிறது, எல்லை தனி. சொல்லுக்குள் இந்த இரண்டும் வந்துவிடுகின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து, பிரிவின் அளவைக் குறைக்கும் 'ஷ்ரிங்க்' என்பதற்கு எல்லாரும் எழுதும் 'சுருக்கு'. கோப்புகளை நெருக்கி அடக்கும் கம்ப்ரெஸுக்கும் அதே சொல்தான். விண்டோஸில் டிரைவின் மேல் வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்தால் 'இடம் மிச்சப்படுத்த இந்த டிரைவை கம்ப்ரெஸ் செய்' என்று ஒரு கட்டம் இருக்கும். "சி டிரைவைச் சுருக்கவும்" என்று படித்தவர் அதில் டிக் போட்டுவிட்டு, உபுண்டுவுக்கு இடம் எங்கே என்று தேடுவார். நிஜத்தில் நடப்பது பிரிவின் கடைசி எல்லை உள்ளே நகர்வது. கோப்பு எதுவும் சுருங்குவதில்லை. நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் கிடந்தால் எல்லை அதைத் தாண்டி வராது. அதனால்தான் நிறைய இடம் காலியாகக் காட்டினாலும் விண்டோஸ் கொஞ்சத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே 'எல்லை குறைத்தல்'. நீளம்தான், ஆனால் தப்பான கட்டத்தில் டிக் விழாது.

பார்ட்டிஷனுக்குப் பிரிவே இருக்கட்டும். பகிர்வு என்பது இப்போது வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதற்கு ஆகிவிட்டது. எம்பிஆர் என்ற பழைய பிரிவு அட்டவணை முறையில் 4 முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் முடியாது, ஜிபிடி என்ற புதிய முறையில் வழக்கமாக 128 வரை என்று எழுதும்போதும் பிரிவுதான் நாக்கில் வருகிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இயங்குதளமா, பாடநூல் சொல்லும் இயக்க அமைப்பா, இலங்கையின் பணிசெயல் முறைமையா என்ற சண்டையை இந்த இழையில் இழுக்க வேண்டாமுங்க.

> ஈஎஃப்ஐ பிரிவை ரெண்டும் பங்கு போடுதே, அதுக்கு 'பொதுத்தடம்'?

அழகான சொல். கணினியை ஆன் செய்ததும் இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரல்கள்தான் தொடக்கிகள்; இரண்டின் தொடக்கிகளும் ஆளுக்கொரு அடைவில் (ஃபோல்டர்) அதே ஈஎஃப்ஐ பிரிவில்தான் உட்காருகின்றன. ஆனாலும் புதிதாகப் படிப்பவருக்குத் 'தொடக்கப் பிரிவு' சட்டென்று விளங்கும்.

கலைச்சொல் அல்லாத குறிப்புகள் சில கையேட்டில் சேர வேண்டும். வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைக்க வேண்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் தொடங்க வைக்கும் வசதி) அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்போது லினக்ஸ் விண்டோஸின் பிரிவில் எழுத மறுக்கும். இரண்டு இயங்குதளங்களையும் மாற்றி மாற்றித் தொடங்கினால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கலாம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுத, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிப்பதுதான் காரணம்.

வரைவில் இப்போதைக்கு இப்படிப் போட்டிருக்கிறேன்:

"சி பிரிவின் எல்லையைக் குறைத்து, கிடைத்த ஒதுக்காத இடத்தில் அண்டை நிறுவல் செய்க. தொடக்கப் பிரிவை ஃபார்மட் செய்யக் கூடாது."

ஃபார்மட்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். 'வடிவமைப்பு' என்று போட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள். கோவை காந்திபுரம் சர்வீஸ் கடைகளில் "ஃபார்மட் அடிச்சிரலாமுங்களா?" என்று கேட்டால் எவருக்கும் வயிறு ஒருமுறை கலங்கும். இந்த இடத்தில் அந்தக் கலக்கம் வேண்டும்.

ஆட்சேபம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்க. சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.