சிவிக் டைப் ஆர் இகே9, ஜிம்னி எஸ்ஜே30: எதை வாங்கலாம்?

மாட்சுமோட்டோவாசி:
ஜப்பானில், நாகானோ பக்கம் மாட்சுமோட்டோவில் இருக்கிறேன். வண்டி நிறுத்த இடம் இல்லாமல் இங்கே கார் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. என்னிடம் இருப்பதோ ஒரே இடம். மூன்று வாரமாக இரண்டு வண்டிகள் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஒன்று ஹோண்டாவின் வேகக் கார், 1998 சிவிக் டைப் ஆர்: வெள்ளை நிறம், சிவப்பு ரெகாரோ இருக்கைகள், டர்போ இல்லாமலே 1.6 லிட்டரில் 185 குதிரைத்திறன். மற்றது சுசுகியின் குட்டி ஜீப், 1984 ஜிம்னி: மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 539 சிசி, வெறும் 28 குதிரைத்திறன். ஆனால் அதை ஸ்டார்ட் செய்ததும் வந்த புகையில் அப்பாவின் ஆர்எக்ஸ் 100 பைக் வாசனை! இறங்கவே மனம் வரவில்லை. இரண்டையும் ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மலைப்பாதை:
தம்பி, நான் இரண்டையும் வைத்திருந்தவன். சிவிக்கை விற்ற அன்று அழுதேன். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியை ஒட்டி விடெக் (வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் ஹோண்டா அமைப்பு) மாறும்போது எஞ்சினின் குரலே வேறாகிவிடும். முள் 8,200ஐத் தொடும்வரை காலை எடுக்கத் தோன்றாது. ஆனால் இரண்டாம் கியரை முழுக்க இழுத்தாலே மணிக்கு 100 கி.மீ.யை நெருங்கிவிடும். விரைவுச்சாலையிலேயே பெரும்பாலும் அதுதான் வரம்பு. நான் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே மாதம் ஒருமுறை பந்தயத்தளத்துக்குப் போனேன். நீங்கள் போவீர்களா? போகாவிட்டால் அந்த எஞ்சினை நினைத்து எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஜிம்னியில் 40 கி.மீ. வேகமே போதும், மனம் நிறைந்துவிடும். பனி விழுந்தால் இறங்கி, முன்சக்கர ஹப்களைக் கையால் பூட்டிவிட்டு, நான்கு சக்கரமும் இழுக்க ஏறிப் போகலாம்.

இன்னொன்று: உங்கள் ஊரில் பனிக்காகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அதில் தகடு துருப்பிடிக்கும். சிவிக்கின் பின்சக்கர வளைவில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்; துருவைப் பட்டி பூசி மறைத்திருந்தால் ஒட்டாது. ஜிம்னியின் சேசிஸுக்கு அடியிலும் படுத்துப் பாருங்கள்.

வரிக்கணக்கு:
இரண்டுமே 13 ஆண்டைத் தாண்டியவை, அதனால் இங்கே வரி கூடுதல். ஆண்டு வரி ஜிம்னிக்கு 12,900 யென், சிவிக்குக்கு 45,400 யென்.

நீலப்புகை:
டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக், அதாவது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, மிகக் குறைவு. நீண்ட இறக்கத்தில் கியரை நம்பாதீர்கள், மெதுவாகவே இறங்குங்கள். ஆயிலுக்குத் தனித் தொட்டி இருக்கிறது. அது வற்றினால் எஞ்சின் சீஸ் ஆகி, இறுகி நின்றுவிடும். பெட்ரோல் போடும்போதெல்லாம் அதையும் பாருங்கள்.

மாட்சுமோட்டோவாசி:
மலைப்பாதை அண்ணா, இன்று காந்தத்தோடு போனேன். சிவிக்கின் இடது பின்வளைவில் ஒட்டாமல் நழுவி விழுந்தது. முன்பு யாரோ பூசி மறைத்திருக்கிறார்கள். ஜிம்னிக்கு அடியில் அரை மணி நேரம் படுத்திருந்தேன். மேல்துரு மட்டும்தான், சுத்தியலால் தட்டியபோது எங்கும் கெட்டியான சத்தம். சனிக்கிழமை முன்பணம் கொடுக்கிறேன். நீலப்புகை, வீட்டுக்கு ஓட்டி வரும்போது கையில் எத்தனை லிட்டர் ஆயில் வைத்துக்கொள்ள வேண்டும்?