பன்னிரண்டு இளவரசிகள்: இளையோர் நாவலாக எழுதும்போது மூத்தவளை என்ன செய்வது?

கரடிக்குகை:
கிரிம் சகோதரர்கள் தொகுப்பில் 133ஆம் கதை. பூட்டிய அறைக்குள் அக்கா தங்கைகள் பன்னிரண்டு பேர். விடிந்தால் அத்தனை செருப்பும் ஆடிக் கிழிந்திருக்கும். இரவில் ரகசியப் படி வழியாகப் பாதாளத்துக்கு இறங்கி, சாபத்தில் சிக்கிய பன்னிரண்டு இளவரசர்களோடு ஆடுகிறார்கள். மூன்று இரவுக்குள் ரகசியத்தைக் கண்டுபிடித்தால் ஒரு மகளும் அரசும் கிடைக்கும், இல்லாவிட்டால் உயிர் போகும். இந்த மரண தண்டனையை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. காவலுக்கு வருகிறவனுக்கு மது கொடுப்பவள் மூத்தவள். கடைசியில் வரும் சிப்பாய் அதைக் குடிக்காமல், உருவத்தை மறைக்கும் மேலங்கியில் அவர்களைப் பின்தொடர்கிறான். கிளம்பும் முன் அவன் குறட்டை விடுவதாக நடிக்கும்போது, இவனும் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம் என்கிறாள் மூத்தவள். இவளோடு பதினைந்து வயது வாசகி 300 பக்கம் வருவாளா? நாடு கடத்தினால் போதும். சகோதரிகளையும் ஐந்தாகக் குறைக்கலாம்.

வெள்ளிக்கிளை:
கடுமையாக மறுக்கிறேன். கதையில் சின்னவளைக் கவனியுங்கள். கிளம்பும் முன்பே ஏதோ சரியில்லை என்கிறாள். படியில் யாரோ உடையைப் பிடித்து இழுத்ததாகச் சொல்கிறாள்; கொக்கியில் மாட்டியிருக்கும் என்கிறாள் அக்கா. சிப்பாய் சாட்சிக்காக ஒடிக்கும் கிளை முறியும் சத்தம் கேட்டுப் பதறுகிறாள். அது வாழ்த்து வேட்டு என்கிறாள் அக்கா. ஒவ்வொரு முறையும் சின்னவள் சொல்வதுதான் சரி, ஒவ்வொரு முறையும் வாயடைக்கப்படுகிறாள். அக்கா தங்கை நாவல் இதற்குள்ளேயே இருக்கிறது. தலை போகும் என்ற பயம் இல்லாவிட்டால் இது வெறும் அலட்சியமாகிவிடும். இரண்டாம் அத்தியாயத்தில் தோற்கப்போகிற இளவரசன் ஒருவனுக்குப் பெயர் வையுங்கள், சின்னவளோடு நாலு வார்த்தை பேசவிடுங்கள். பிறகு அவனைக் கொல்லுங்கள்.

கஞ்சிப்பானை:
மாயத்தைப் பற்றி ஒன்று. ஆளுக்கொரு சக்தி கொடுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் இந்த மறுகதைகள் சரிகின்றன. பன்னிரண்டு சக்தியை எந்த வாசகர் நினைவில் வைப்பார்? மூலத்தில் விதி தெளிவாக இருக்கிறது: மேலங்கி உருவத்தை மறைக்கும், எடையையும் சத்தத்தையும் மறைக்காது. அதனால்தான் உடை மிதிபடுகிறது, சிப்பாய் ஏறிய படகு கனக்கிறது. கதைமுடிவையும் பாருங்கள். சகோதரிகளோடு எத்தனை இரவு ஆடினார்களோ அத்தனை நாள் அந்தப் பாதாள இளவரசர்களுக்குச் சாபம் நீள்கிறது. அப்படியென்றால் ஒவ்வோர் இரவு ஆட்டமும் சாபத்தில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டிருந்தது என்று படிக்க இடமுண்டு. மூத்தவள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மேலே ஒருவன் தலை, கீழே பன்னிரண்டு பேர் விடுதலை.

கரடிக்குகை:
கணக்கு அருமை. ஆனால் அது கடைசியில் தெரியவந்தால் அதற்குள் வாசகி அவளை வெறுத்து முடித்திருப்பாள். தலை வெட்டாமல் ஆபத்தைக் காட்ட முன்மாதிரியே உண்டு. ஆண்ட்ரூ லாங் 1890இல் வெளியிட்ட 'சிவப்பு' தேவதைக் கதைத் தொகுப்பில் (The Red Fairy Book) இதே கதையின் இன்னொரு வடிவம் உண்டு; அதில் காவலிருந்த இளவரசர்கள் காணாமல் போகிறார்கள். மருந்து கலந்த பானத்தைக் குடித்து, நெஞ்சம் மரத்து, ஆடும் ஆசை மட்டுமே மிஞ்சியவர்களாகக் கீழே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டக்காரப் பையன் அதைக் குடிக்கப்போகும்போது சின்னவள் தடுக்கிறாள். கொலை இல்லை, பயம் குறையவுமில்லை.

வெள்ளிக்கிளை:
அது சின்னவளின் காதல் கதை. அதில் மூத்தவளுக்கு வேலை குறைவு. கிரிமில் சிப்பாய், எனக்கு இளமை போய்விட்டது, மூத்தவளையே கொடுங்கள் என்கிறான். சாகட்டும் என்று அவள் விட்டவனையே அவளுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. இளையோருக்காக மாற்ற வேண்டியது இந்த இடத்தைத்தான், தண்டனையை அல்ல. கணக்கு கடைசிவரை காத்திருக்கவும் வேண்டாம்: 100ஆம் பக்கத்துக்குள், அக்காவின் கட்டில் காலில் கீறிய கோடுகளைச் சின்னவள் எண்ணட்டும்.

பன்னிரண்டு பேரும் இருக்கட்டும். முதல் அத்தியாயத்தில் மூவருக்கு மட்டும் பெயர் போதும். மற்றவர்கள் செய்யும் வேலையால் அறிமுகமாகட்டும்: கோப்பை கழுவுகிறவள், செருப்பை எண்ணிக் கட்டிலடியில் தள்ளுகிறவள், தாழ்ப்பாளில் காது வைக்கிறவள். ஐந்தாகக் குறைத்தால் சின்னவள் சொல் எடுபடாமல் போவதற்கு அந்தக் கூட்டமே இருக்காது.

கஞ்சிப்பானை:
சின்னவளே கதை சொன்னால் ஒரு சிக்கல். சிப்பாய் தாடைக்குக் கீழே பஞ்சு கட்டி மதுவை அதில் வழியவிடுவதை அவள் பார்க்க முடியாது. ஆனால் நனைந்த பஞ்சு ஒழுகும். மறுநாள் அவன் கழுத்துப்பட்டையில் மதுக்கறையை அவள் பார்க்கட்டும், அக்காவிடம் சொல்லாமல் இருக்கட்டும்.

கரடிக்குகை:
கோடுகளை எண்ணியபிறகும் சொல்லாமல் இருந்தால் பன்னிரண்டு பேர் சாபத்துக்கு அவளும் பொறுப்பு. சரி, தண்டனை இருக்கட்டும், எண்ணிக்கையும் இருக்கட்டும். ஆனால் மூன்றாம் இரவு கோப்பை சின்னவள் கையில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிளை:
அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூத்தவள் அந்தப் பாவத்தைத் தங்கை கையில் கொடுக்கிறவள் இல்லை.